தெருவைப் பெயர்க்கும் முன் மட்டத்தைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். நாற்பதடி அகலமும் நானூறு மீட்டர் நீளமும் உள்ள எங்கள் தெருவை மாநகராட்சி முழுவதுமாகப் பெயர்த்துப் புதிதாக அமைக்கப்போகிறது. இருபக்கமும் அகலமான நடைபாதை, அதன் அடியில் மழைநீர் வடிகால், ஒரு பக்கம் மட்டும் வாகன நிறுத்தம் என்று திட்டம். போன மாதம் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கூட்டம் நடத்தினார்கள். கார் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கமும், நடைபாதை வேண்டும் என்கிற முதியவர்கள் இன்னொரு பக்கமும் எழுந்து நின்று சத்தம் போட்டதில் கூட்டம் பாதியில் கலைந்தது. தள்ளுவண்டிக்காரர்களை இந்தச் சாக்கில் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்கிறார்கள் கடைக்காரர்கள். பணி ஆணை கொடுத்தாகிவிட்டது, இனி எதையும் மாற்ற முடியாது என்கிறார் பொறியாளர். முப்பது ஆண்டுகளில் சாலை உயர்ந்து உயர்ந்து, பழைய வீடுகளில் மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது. அதைப் பேச நேரமே கிடைக்கவில்லை. நான் யார் பக்கம் நிற்பது? நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். என் பெயரும் ஊர்ப் பெயரும் வெளியிட வேண்டாம்.

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்

அம்மா, வணக்கம்.

உங்கள் முழுக் கடிதத்தையும் படித்தேன். வாகன நிறுத்தம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போனதைப் பற்றி இரண்டே வரிகள். என் அனுபவத்தில் அந்த இரண்டு வரிகள்தான் தலையாய விஷயம். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை அடுத்த ஆண்டுகூட மாற்றிக்கொள்ளலாம். ஒரு பலகையும் ஒரு வெள்ளைக் கோடும் போதும். சாலையின் மட்டத்தைத் தவறாகப் போட்டுவிட்டால், அடுத்து யாராவது தெருவைப் பெயர்க்கிற வரை, அது இருபது ஆண்டுகளாகவும் இருக்கலாம், அந்தப் பழைய வீட்டுக்காரர்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் வாசலில் மணல் மூட்டை அடுக்க வேண்டியதுதான். ஆகவே மட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

தார்ச் சாலைக்கு மேல் தார் போடும்போது ஒவ்வொரு தடவையும் நான்கு ஐந்து சென்டிமீட்டர் ஏறும். முப்பது ஆண்டுகளில் ஐந்தாறு முறை போட்டிருந்தால் கால் மீட்டர் வந்துவிடும். வாசலில் இருந்த மூன்று படியில் ஒன்றரைப் படி மண்ணுக்குள் போயிற்று என்று அர்த்தம். இது ஊரறிந்த பிரச்சினை. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். 'மில்லிங்' என்ற சொல் தெருவில் குழந்தைகள் வாயில்கூட வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் உங்கள் தெருவில் நடக்கப்போவது மில்லிங் இல்லை, முழுப் பெயர்ப்பு. அதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. அடியில் சரளை, அதன்மேல் ஜல்லிக் கலவை, அதன்மேல் இரண்டு அடுக்குத் தார் என்று போட்டால் மொத்தக் கனம் சுலபமாக 45 சென்டிமீட்டர் வரும். தோண்டுவது 30 சென்டிமீட்டர் மட்டும் என்றால் சாலை 15 சென்டிமீட்டர் உயர்ந்தே தீரும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. எஸ்டிமேட்டில் தோண்டும் ஆழம் ஓரிடத்தில் இருக்கும், ஒவ்வொரு அடுக்கின் கனமும் வேறோரிடத்தில் இருக்கும். கனங்களைக் கூட்டி, அதிலிருந்து தோண்டும் ஆழத்தைக் கழித்துப் பாருங்கள். மீதி வருகிற எண் எவ்வளவோ அவ்வளவு உங்கள் சாலை உயரும். கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

கல்யாண மண்டபத்தில் உங்களுக்குத் திரையில் காட்டியது வண்ணப் படமாக இருந்திருக்கும். பச்சை மரங்கள், நடைபாதையில் குடை பிடித்துப் போகும் பெண்மணி, சைக்கிளில் ஒரு சிறுவன். அந்தப் படத்தில் மட்டம் தெரியாது. வேலை நடப்பது வேறு மூன்று தாள்களை வைத்து. மேலிருந்து பார்க்கும் படம் ஒன்று. தெருவைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் ஒன்று. தெருவின் நீளத்துக்கு வெட்டிக் காட்டும் படம் ஒன்று. மூன்றாவதைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். நீள்வெட்டுப் படத்தின் அடியில் ஓர் அட்டவணை இருக்கும். குறிப்பிட்ட இடைவெளி விட்டு, ஒவ்வோர் இடத்திலும் இப்போதைய மட்டம் என்ன, உத்தேச மட்டம் என்ன என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் இடங்களில் எல்லாம் சாலை உயர்கிறது. அந்த அட்டவணையில் இன்னொரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அந்தந்த இடத்தில் இருக்கிற மிகத் தாழ்ந்த வீட்டின் வாசல் மட்டம். பல எஸ்டிமேட்டுகளில் அந்த வரி இருப்பதில்லை. சாலையின் நடுவில் கருவியை வைத்து மட்டம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வாசற்படியில் யாரும் வைப்பதில்லை.

அவர்கள் எடுத்துத் தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் ஒரு கொத்தனாரைப் பிடியுங்கள். அவரிடம் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் டியூப் இருக்கும். ஒரு முனையை ஒருவர் சாலை நடுவில் பிடிக்க, மறுமுனையை வாசலில் ஒருவர் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தண்ணீர்க் கோட்டிலிருந்து சாலை எவ்வளவு கீழே, வாசல் எவ்வளவு கீழே என்று டேப்பால் அளந்து கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுவதையும் முடித்துவிடலாம். ஒவ்வொரு வீட்டு மதில் சுவரிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, கதவு எண்ணுடன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கார் கட்சிக்காரரும் நடைபாதைக் கட்சிக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கட்டும். தண்ணீர் புகும் வீடுகள் இரண்டு கட்சியிலும் இருக்கும் என்பதை அன்றைக்கே கண்ணால் பார்ப்பார்கள்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் பத்திரம் என்று கேட்பீர்கள். உங்கள் தெருவுக்கே கணக்குப் போடலாம். தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும் என்பதற்காகத் தார்ச் சாலையை நடுவில் உயர்த்தி, மீட்டருக்கு இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் சரிவு கொடுப்பார்கள். வண்டிப் பாதையும் நிறுத்துமிடமும் சேர்ந்து ஏழரை மீட்டர் என்றால் ஓரம் நடுவைவிட ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். ஓரத்துக் கல் 15 சென்டிமீட்டர் உயரம். அங்கிருந்து நடைபாதை உங்கள் மதிலை நோக்கி இன்னும் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏறும். அப்படி ஏறினால்தான் நடைபாதையில் விழும் தண்ணீர் சாலைப் பக்கம் வடியும். கூட்டிக் கழித்தால், மதிலோரம் நடைபாதையின் மேல்மட்டம் சாலை நடுவைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வாசல் அதைவிடத் தாழ்ந்திருக்கும் வீடு எதுவோ, அது ஆபத்திலிருக்கும் வீடு. உங்கள் நோட்டில் அந்த வீடுகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். உத்தேச மட்டத்தை இறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய ஆதாரம் அந்தப் பட்டியல்தான்.

அடுத்தது வடிகால். புதிய வடிகால் வருகிறது என்றதும் எல்லோரும் மகிழ்கிறார்கள். அது எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் தெரு வடிகாலின் அடிமட்டம், அது சேரவேண்டிய பெரிய வடிகாலின் அடிமட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மழையில் தண்ணீர் எதிர்த்து உங்கள் தெருவுக்குள்ளேயே வரும். சேருமிடத்தின் மட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், வேலை தொடங்கும் முன் அங்கே போய் மூடியைத் திறந்து உங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள்.

வடிகால் தேவையா என்ற கேள்வியையே மக்கள் எழுப்பிய இடமும் உண்டு. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளில், கோவளம் வடிநிலத் திட்டத்தின் கீழ் வடிகால் கட்ட முனைந்தபோது, இது மணற்பாங்கான பூமி, மழைநீர் தானாகவே நிலத்தில் இறங்குகிறது, கான்கிரீட் கால்வாய் கட்டி அதைக் கடலுக்கு அனுப்பினால் எங்கள் கிணற்றில் உப்பு ஏறும் என்று குடியிருப்போர் வாதிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது அந்த வழக்கு. அவர்கள் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், மண்ணின் தன்மையையும் நிலத்தடி நீரையும் பற்றிப் பேசினார்கள் என்பதுதான். உங்கள் தெரு களிமண் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு வடிகால் தேவை. அதே தெளிவோடு நீங்களும் பேச வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை என்பதால் இன்னொன்றும் நடக்கும். ஆழம் தோண்டச் சிரமப்படும் இடங்களில் வடிகால் சுவரை மேலே தூக்கிவிடுவார்கள். நடைபாதை ஓரடி உயரத்துக்குப் போய்விடும். முழங்கால் வலி உள்ள யாரும் அதில் ஏறப்போவதில்லை. சாலையில் இறங்கித்தான் நடப்பார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு விதிகளின்படி ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குடியிருப்புத் தெருவில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இந்த இரண்டு எண்களையும் உங்கள் சங்கத்து முதியவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். நடைபாதை வேண்டும் என்று கேட்பதைவிட, 15 சென்டிமீட்டருக்குள் வேண்டும் என்று கேட்பது பலன் தரும்.

இனி எல்லோரையும் எழுந்து நின்று சத்தம் போட வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதடி என்பது 12.2 மீட்டர். இரண்டு பக்க நடைபாதைக்கு 3.6 மீட்டர் போக 8.6 மீட்டர் மிஞ்சும். இரு திசையிலும் வண்டி போய்வர ஐந்தரை மீட்டர், ஒரு பக்கம் கார் நிறுத்த இரண்டு மீட்டர் என்றால் மீதி 1.1 மீட்டர். மரங்களும் விளக்குக் கம்பங்களும் மின்பெட்டிகளும் அதற்குள் நிற்க வேண்டும். இரு பக்கமும் கார் நிறுத்துவதானால் யாருடைய இரண்டு மீட்டரை எடுப்பது என்று அந்த நண்பர்களையே கேளுங்கள். நடைபாதையை எடுக்க வேண்டும், அல்லது தெருவை ஒருவழியாக்க வேண்டும். மூன்றாவது வழி தரையில் இல்லை. கார் ஒன்றுக்கு ஆறு மீட்டர் நீளம் என்று வைத்தால், கேட்டுகளும் மரங்களும் தெருமுனைகளும் கழிந்தது போக ஒரு பக்கத்திலேயே முப்பதுக்கு மேல் கார்கள் நிற்கலாம். இரவு பத்து மணிக்கு ஒருமுறை, காலை பதினொரு மணிக்கு ஒருமுறை தெருவில் நிற்கும் கார்களை எண்ணிப் பாருங்கள். இரவில் நிற்பவை உங்கள் தெருக்காரர்களுடையவை, காலையில் நிற்பவை கடைக்கு வருபவர்களுடையவை என்றால், இரண்டுக்கும் ஒரே இடமே போதும், நேரம்தான் வேறு.

இங்கே உங்கள் ஆட்களிடமும் ஒன்றை நேராகச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் கார் ஏற்றுவதற்காகத் தெருவில் இறக்கிக் கட்டியிருக்கும் சிமெண்ட் சறுக்குகள் பொது இடத்தில் கட்டியவை. நடைபாதை மேலும் கீழுமாக அலை பாய்வதற்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர் தெருவுக்கே வராமல் வீட்டோடு முடங்குவதற்கும் முக்கால்வாசிக் காரணம் அவைதான். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கார் ஏறும் சரிவு ஓரக்கல்லுக்குப் பக்கத்திலேயே குறுகலாக முடிந்துவிட வேண்டும். அதற்குள் அடங்காத ஏற்றத்தை வீட்டுக்காரர் தன் மதிலுக்கு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அதேபோல, வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டிருப்பவர்கள் இப்போதே பாதாளச் சாக்கடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் சங்கமே முன்வந்து செய்கிறது என்று எழுதிக் கொடுத்தீர்களானால், அதன்பிறகு நீங்கள் கேட்பதை அதிகாரிகள் தட்டிக்கழிப்பது கடினம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தள்ளுவண்டிகள் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதற்குச் சங்கம் துணை போகக்கூடாது. தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சட்டத்தை விடுங்கள். காலையில் கீரை விற்கும் அம்மாவிடமும் துணி தேய்ப்பவரிடமும் உங்கள் தெருவில் பாதி வீடுகள் தினமும் போய் நிற்கின்றன. மரங்களுக்காக விட்ட அந்த 1.1 மீட்டர் பட்டையிலும் வாகன நிறுத்தப் பட்டையிலும் அவர்களுக்கு இடம் குறித்து வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள். வரைபடத்தில் இடம் இல்லாதவர் நடைபாதையில்தான் நிற்பார்.

சென்னை பாண்டி பஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடைபாதை வியாபாரிகளை 2013-ல் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அதற்கே என்று அறிவித்தது. அந்தப் பஜார் இருக்கும் தியாகராய சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது 2019 நவம்பரில். அதற்கு முன்பாக வாகனங்களைக் கட்டுப்படுத்தி வெள்ளோட்டம் பார்த்தார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பாடம். கார் நிறுத்தம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தை வாதாடித் தீர்க்க முடியாது. செய்து பார்த்தால்தான் தீரும். உங்கள் தெருவிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, போக்குவரத்துக் காவல் துறையிடம் சில கூம்புகள் வாங்கி, ஒரு வாரம் புதிய அளவிலேயே தெருவை ஓட்டிப் பாருங்கள். எந்தக் கேட்டில் கார் திரும்பவில்லை, பள்ளி வேன் எங்கே சிக்குகிறது என்பதெல்லாம் வெளிவந்துவிடும். கான்கிரீட் போட்ட பிறகு தெரியவருவதைவிட இது மேல்.

நிலத்துக்கு அடியில் இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். புதுத் தார் போட்ட மூன்றாம் மாதம் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டுவதைப் பார்த்து நாம் எல்லோரும் நொந்திருக்கிறோம். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகிய எல்லாத் துறையினரையும் ஒரே நாளில் தெருவுக்கு வரவழைத்துக் கூட்டு ஆய்வு நடத்தச் சொல்லுங்கள். துருப்பிடித்த வீட்டு இணைப்புக் குழாய்களைச் சாலை திறந்திருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். அதற்கான கட்டணத்தை இப்போதே கட்டச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொல்வது சங்கத்தின் வேலை. பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் சீரமைத்த சாலைகளில் கேபிள்களையும் குழாய்களையும் நடைபாதைக்கு அடியில் முறையான தடங்களில் கொண்டுபோனார்கள். பழுது பார்க்கச் சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. உங்கள் திட்டத்தில் அவ்வளவுக்குப் பணம் இருக்காது. எதிர்காலக் கேபிள்களுக்காகச் சாலையின் குறுக்கே ஆங்காங்கே இரண்டு காலிக் குழாய்கள் புதைத்து வைக்கப் பெரிய செலவில்லை. கேட்டால் கிடைக்கும்.

மரங்களை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். வெட்டாத மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும். அடிமரம்வரை பேவர் பிளாக் பதிக்க விடாதீர்கள்.

பணி ஆணை கொடுத்தாகிவிட்டதால் எதையும் மாற்ற முடியாது என்பது முழு உண்மை இல்லை. திட்டத்தின் மொத்தத் தொகையையும் முக்கிய வேலைகளையும் மாற்றுவது கடினம். திருத்திய எஸ்டிமேட், மேலிட ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் மட்டத்தைச் சரிசெய்வது, தண்ணீர் இறங்கும் வாய்களின் இடத்தை மாற்றுவது, சரிவுகள் எங்கே என்று முடிவு செய்வது, நிறுத்துமிடத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுவது எல்லாம் களத்திலேயே செயற்பொறியாளர் அளவில் முடியக்கூடியவை. கூட்டத்தில் உங்களிடம் சிக்கிய உதவிப் பொறியாளருக்கு இவற்றில் எதற்கும் 'சரி' என்று சொல்லும் அதிகாரம் இல்லை. அதனால்தான் அவர் எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்றார். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் தெருவில் நிற்கப்போகிறவர் அவர்தான். மட்ட நோட்டின் நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, செயற்பொறியாளரைத் தெருவுக்கே அழையுங்கள். மண்டபத்தில் இன்னொரு கூட்டம் வேண்டாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்பு வட்டம் போட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசுங்கள். வாசலில் நிற்கும்போது யாரும் மேடைப் பேச்சு பேசுவதில்லை. ஒப்புக்கொண்டதை அன்றைக்கே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, நகலைக் கவுன்சிலருக்கும் கொடுங்கள்.

கவுன்சிலரை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள். 2022-ல் வார்டு குழு, பகுதி சபை (வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் சபை) விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பல நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. உங்கள் பகுதி சபையில் இந்த மட்டப் பட்டியலை வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சங்கக் கடிதத்தைக் கோப்பில் போட்டு மறந்துவிடலாம். சபைத் தீர்மானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் கூடுதல்.

வரைபடமும் எஸ்டிமேட்டும் கேட்டால் கிடைத்துவிடும் என்றே நினைக்கிறேன். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தச் சட்டத்தில் பலர் பயன்படுத்தாத ஒரு வசதி இருக்கிறது. காகிதம் கேட்பது மட்டும் உரிமை இல்லை. நடக்கிற வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. ஜல்லி அடுக்கின் கனத்தை உங்கள் முன்னால் குழி பறித்து அளக்கச் சொல்லலாம். தார் அதை மூடிவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது.

வேலை தொடங்கும் மாதமும் முக்கியம். புரட்டாசியில் வடிகாலுக்குத் தோண்ட ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் தெரு பள்ளமாகக் கிடக்கும். 2022 அக்டோபரில் சென்னையில் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். ஒரே நேரத்தில் நூறு மீட்டருக்கு மேல் திறக்கக்கூடாது, தடுப்பும் இரவு விளக்கும் இல்லாமல் ஒரு நாள்கூட விடக்கூடாது, ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பவற்றை அந்தக் கையெழுத்துக் காகிதத்தில் முதல் வரிகளாக எழுதுங்கள். படுக்கையில் இருக்கும் நோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளின் பட்டியலை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நீதிமன்றம் பற்றிக் கேட்டீர்கள். அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால், சட்டத்தை மீறி வியாபாரிகளை விரட்டினால், மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாத நடைபாதை கட்டினால் போகலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். கார் நிறுத்தம் எந்தப் பக்கம் என்பதற்காகப் போகாதீர்கள். நீதிபதி உங்களுக்காக வரைபடம் வரைய மாட்டார். தடை உத்தரவு கிடைத்தாலும், பாதி தோண்டிய தெருவோடு ஒரு மழைக்காலத்தைக் கழிக்கப்போவது நீங்கள்தான்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். செயலாளராக நீங்கள் இப்போதைக்கு எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம். அந்தச் சிவப்பு வட்ட வீடுகளின் பக்கம் நில்லுங்கள். கூட்டத்தில் அவர்கள் குரல் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மட்டம் முடிவாகிக் காகிதத்தில் ஏறிய பிறகு, வாகன நிறுத்தத்தைச் சங்கக் கூட்டத்தில் ஓட்டுக்கு விட்டு முடித்துக்கொள்ளலாம்.

நீள்வெட்டுப் படமும் உங்கள் மட்ட நோட்டும் தயாரானதும் இரண்டின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். எந்தெந்த இடத்தில் உத்தேச மட்டத்தை எவ்வளவு இறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று படத்திலேயே குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். செயற்பொறியாளர் தெருவுக்கு வரும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவாவது அவை என் கைக்கு வர வேண்டும்.